தஞ்சாவூர் முதல் கோடியக்கரை வரை சைக்கிளில்: வழிகாட்டியோடு போவதா, நாமே போவதா?

குத்தாலத்துப் பேரன் (கேள்வி):

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் இருப்பது தாம்பரத்தில். அம்மாவுக்குக் குத்தாலம் பக்கம். சின்ன வயதில் என் கோடை விடுமுறை முழுக்க அங்கேதான் கழியும். மாமாவின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டு ஓட்டப் பழகியதே காவிரிக் கரையில்தான். பாட்டி காலமான பிறகு வீட்டை விற்றாயிற்று. அந்தப் பக்கம் போய்ப் பன்னிரண்டு வருடம் ஆகிறது.

இப்போது ஒரு பயண நிறுவனத்தின் திட்டம் கண்ணில் பட்டது. ஆறு நாள் சைக்கிள் பயணம். வழிகாட்டி கூடவே வருவார், பின்னால் ஒரு வேன் வரும். கியர் சைக்கிள், தங்குமிடம், காலைச் சாப்பாடு எல்லாம் அவர்கள் பொறுப்பு. ஒருவருக்கு 34 ஆயிரம். நான், மனைவி, ஒன்பதாவது படிக்கும் மகள் என்று மூன்று பேர் போனால் லட்சத்தைத் தாண்டிவிடுகிறது.

திட்டம் இப்படி இருக்கிறது: முதல் நாள் பெரிய கோயில், அரண்மனை. இரண்டாம் நாள் வழியில் ஏழு கோயில்கள் பார்த்துக்கொண்டே கும்பகோணம். மூன்றாம் நாள் கங்கைகொண்ட சோழபுரம், திரும்பி வந்து தாராசுரம், சுவாமிமலை. நான்காம் நாள் பூம்புகார் வழியாகத் தரங்கம்பாடி, ஏறக்குறைய 80 கிலோமீட்டர். ஐந்தாம் நாள் காரைக்கால், நாகூர், வேளாங்கண்ணி. ஆறாம் நாள் வேதாரண்யம், கோடியக்கரை.

நாங்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் வண்டலூர், கேளம்பாக்கம் பக்கம் 25 கிலோமீட்டர் ஓட்டுவோம். அதற்கு மேல் ஓட்டியதில்லை. அவ்வளவு பணம் கொடுத்து வழிகாட்டியோடு போவது தேவையா? ஊரும் பாஷையும் நம்முடையது, போனில் வரைபடமும் இருக்கிறது, நாமே போய்விடலாமே என்று மனைவி கேட்கிறாள். அரையாண்டு விடுமுறையில் போவதா, பொங்கலை ஒட்டிப் போவதா என்றும் குழப்பமாக இருக்கிறது. மகளுக்குக் கடலில் குளிக்க வேண்டுமாம். அந்தப் பக்கத்து ஆட்கள் யாராவது சொன்னால் உதவியாக இருக்கும்.

மன்னார்குடி வாசகர்:

உங்கள் மனைவி சொல்வதுதான் சரி என்று எனக்குப் படுகிறது. 1930இல் ராஜாஜி தலைமையில் உப்புச் சத்தியாகிரகத்துக்குப் போனவர்கள் திருச்சியில் ஏப்ரல் 13ஆம் தேதி கிளம்பி, தஞ்சாவூர், கும்பகோணம், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி வழியாக 28ஆம் தேதி வேதாரண்யம் போய்ச் சேர்ந்தார்கள். சித்திரை வெயிலில், நடந்தே. வழியெல்லாம் ஊர்க்காரர்கள் சோறு போட்டார்கள். தை மாதத்தில் சைக்கிளில் போக உங்களுக்கு எதற்கு வேன்? அந்தப் பாதையிலேயே போய்ப் பாருங்கள், கூட்டமும் குறைவு.

வாடகை சைக்கிள் கடை மகன்:

தம்பி, வணக்கம். எனக்கு 56 வயது, கும்பகோணம். அப்பா மகாமகக் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். மட்கார்டில் வெள்ளைப் பெயிண்டில் நம்பர் போட்ட பதினெட்டு சைக்கிள்கள் இருந்தன. மணிக்கணக்கு வாடகை, நோட்டில் பெயரும் நேரமும் எழுதி வைப்போம். கடை போய்விட்டது. ஆனால் சைக்கிளை நான் விடவில்லை. பதினோரு வருடமாக வெளியூர்க்காரர்களை இந்தக் கரைகளில் அழைத்துப் போகிறேன். உங்களுக்கு வந்த திட்டம் யாருடையது என்று எனக்குத் தெரியாது. என்னிடம் வாருங்கள் என்று சொல்லவும் இதை எழுதவில்லை.

மன்னார்குடி நண்பர் சொல்வதை மதிக்கிறேன். ஆனால் குடும்பத்தோடு முதல் தடவை போகிறவர்களுக்கு வழிகாட்டி வேண்டும் என்பேன். வழி காட்டுவதற்காக இல்லை, டெல்டாவில் ஆற்றைப் பிடித்துக்கொண்டு கிழக்கே போனால் எப்படியும் ஊர் வந்துவிடும். எந்த நேரத்தில் எங்கே இருக்க வேண்டும் என்று தெரிந்த ஆள்தான் தேவை. விடியற்காலை ஐந்தே முக்காலுக்குச் சக்கரம் உருள வேண்டும். பத்தரைக்கெல்லாம் நிழலில் இருக்க வேண்டும். கோயில் நடை பன்னிரண்டு, பன்னிரண்டரைக்குச் சாத்தினால் நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். அதனால் காலை சைக்கிளுக்கு, சாயங்காலம் கோயிலுக்கு.

நான் இதைக் கற்றுக்கொண்ட விதம் நல்ல விதம் இல்லை. ஆரம்ப காலத்தில் ஒரு ஏப்ரலில் பதினொரு பேரை மாயவரத்திலிருந்து தரங்கம்பாடிக்குக் கூட்டிப் போனேன். காலையில் ஒரு கோயிலில் நேரமாகிவிட்டது, பரவாயில்லை என்று பதினொன்றரைக்குக் கிளப்பினேன். ஆக்கூர் தாண்டியதும் ஓர் அம்மா அப்படியே ஓரமாகச் சாய்ந்துவிட்டார். முகத்தில் வியர்வையே இல்லை, தோல் காய்ந்து கொதித்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் திண்ணையில் படுக்கவைத்து, ஈரத்துணி போட்டு, காரும் பிடித்துக் கொடுத்தார்கள். அவர் பிழைத்து எழுந்தார். தப்பு முழுக்க என்னுடையது. அன்றிலிருந்து எத்தனை பெரிய கோயில் பாக்கி இருந்தாலும் பத்தரை என்றால் பத்தரைதான்.

அதனால்தான் உங்கள் திட்டத்தில் இரண்டாம் நாள் ஏழு கோயில் என்பதைப் படித்ததும் பதறினேன். ஏழு தடவை செருப்பைக் கழற்றி, ஏழு தடவை பூட்டுப் போட்டு, கடைசி மூன்றில் சுடு கல்லில் ஓட்டம் ஓடி... குழந்தைக்கு ஒன்றும் மனதில் நிற்காது. ஒரு நாளைக்கு ஒரு கோயில் போதும்.

என்னைக் கேட்டால் தஞ்சாவூரிலிருந்து சைக்கிளைக் கிளப்பவே மாட்டேன். முதல் நாள் சாயங்காலம் பெரிய கோயிலைப் பாருங்கள். ராஜராஜன் 1010இல் முடித்தது, 216 அடி விமானம். வெயில் சாயும்போது கல் தேன் நிறத்துக்கு மாறும், அதைப் புல்தரையில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். மறுநாள் விடியும் முன்னால் சைக்கிள்களை வேனில் ஏற்றிக் கல்லணைக்குப் போய்விடுங்கள். கல்லணைப் பாலத்தின் மேல் நின்றால் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று தண்ணீர் பிரிவது கண்ணுக்கு நேரே தெரியும். கரிகாலன் பெயர் சொல்லும் இடம் அது. உங்கள் பயணம் முழுக்க அங்கே பிரியும் தண்ணீரோடுதான். அங்கிருந்து திருக்காட்டுப்பள்ளி, பிறகு திருவையாறு. இடதுகைப் பக்கம் ஆறு, வலதுகைப் பக்கம் வாழையும் நெல்லும். நாற்பது கிலோமீட்டருக்குள்தான், ஏற்றம் என்று ஒன்று கிடையாது. தஞ்சாவூரே கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 60 மீட்டர்தான். அந்த 60 மீட்டரும் கடல் வரை மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே போகிறது.

திருவையாற்றில் மத்தியானம் தூங்குங்கள். பாசிப்பருப்பில் கிண்டிய அசோகா அல்வா சூடாகக் கிடைக்கும், மகளுக்கு வாங்கிக் கொடுங்கள். தியாகராஜர் ஆராதனை பெரும்பாலும் ஜனவரியில் வரும். அந்த ஐந்து நாளில் ஊரில் அறை கிடைப்பது சிரமம், தேதி பார்த்து முடிவு செய்யுங்கள். அடுத்த நாள் கணபதி அக்ரகாரம், கபிஸ்தலம் வழியாகச் சுவாமிமலை.

சுவாமிமலையில் மட்டும் அவசரப்படாதீர்கள். கோயிலுக்கு வெளியே சிலை வார்க்கும் ஏதாவது ஒரு ஸ்தபதி பட்டறையில் அனுமதி கேட்டு உட்காருங்கள். முதலில் மெழுகில் முழு உருவத்தையும் செய்வார்கள், விரல் நகம் வரைக்கும். அதன் மேல் காவிரியின் வண்டல் மண்ணை மாவு போல் குழைத்து மெல்லிசாகப் பூசுவார்கள். அந்த முதல் பூச்சு அவ்வளவு நைசான மண்ணாக இருப்பதால்தான் மெழுகில் கீறிய கோடு ஒன்று விடாமல் மண்ணில் பதிகிறது. காய்ந்த பிறகு கெட்டி மண் பூசி, கம்பி கட்டி, சூடு காட்டினால் மெழுகு உருகி ஓடிவிடும், அந்த வெற்றிடத்தில் உலோகத்தை ஊற்றுவார்கள். அச்சை உடைத்துத்தான் சிலையை எடுக்க வேண்டும், அதனால் ஒவ்வொன்றும் ஒன்றே ஒன்றுதான். போன வருடம் ஒரு பெரியவர் எங்களோடு வந்த பையன் கையில் அந்த ஈர மண்ணை ஓர் உருண்டை வைத்து அழுத்தச் சொன்னார். பையனின் கைரேகை அப்படியே விழுந்தது. அவன் அதை டிபன் பாக்ஸில் வைத்து ஊருக்கு எடுத்துப் போனான்.

அன்று சாயங்காலம் தாராசுரம். இரண்டாம் ராஜராஜன் காலம், 12ஆம் நூற்றாண்டு. பெரிய கோயிலை அண்ணாந்து பார்க்க வேண்டும், இதைக் குனிந்து பார்க்க வேண்டும். சுவரின் கீழ்வரிசையில் சாண் உயரத்தில் நாயன்மார் கதைகள் வரிசையாக இருக்கும். காளையும் யானையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொள்ளும் சிற்பத்தை மகளையே தேடிக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

கங்கைகொண்ட சோழபுரத்தைச் சைக்கிள் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். போக வர எழுபது கிலோமீட்டர், வெயிலில் திரும்ப வேண்டியிருக்கும். சொல்ல எனக்கே மனசு வரவில்லை, ராஜேந்திரன் கட்டிய அந்த விமானத்தின் வளைவுக்கு ஈடு இல்லை. கும்பகோணத்தில் தங்கும் அன்று மத்தியானத்துக்கு மேல் வேனில் போய்வாருங்கள். அணைக்கரையில் ஐந்து நிமிடம் இறங்கிக் கொள்ளிடத்தைப் பாருங்கள், ஆர்தர் காட்டன் 1836இல் கட்டிய கீழணை அதுதான்.

கும்பகோணத்திலிருந்து ஆடுதுறை, குத்தாலம், மாயவரம். 35 கிலோமீட்டர் அளவுக்கு வரும். பிரதான சாலையில் தனியார் பஸ்கள் பறக்கும், காது கிழியும். ஏழு மணிக்குள் பாதியைத் தாண்டிவிட வேண்டும். கரைச் சாலை கிடைக்கிற இடத்திலெல்லாம் கரைக்கு ஏறிவிடுங்கள்.

மறுநாள் பூம்புகார். இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முசிறி, குளித்தலை பக்கம் கரைக்குக் கரை தெரியாத அகண்ட காவிரியைப் பார்த்தவர்கள் பூம்புகாரில் அது கடலில் சேரும் இடத்தைப் பார்த்து, இவ்வளவுதானா என்று கேட்பார்கள். வாய்க்கால் அகலம்தான் இருக்கும். எனக்கு அந்த இடத்தில் நின்றால் நெஞ்சு அடைக்கும். நான்கு நாளாக எந்தெந்த மதகில் தண்ணீர் திரும்பிப் போனதைப் பார்த்தோமோ, எந்த வயலில் கணுக்கால் அளவு நின்றதோ, அத்தனைக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு மிச்சம்தான் இங்கே வந்து சேர்கிறது. காரில் நேராக வந்து இறங்குகிறவர்களுக்கு இது புரியாது. நீங்கள் கல்லணையில் தொடங்க வேண்டும் என்று நான் அடம்பிடிப்பது இதற்காகத்தான்.

காலம்: பொங்கலுக்குப் பிறகு வாருங்கள். டிசம்பர் கடைசியில் மழை மிச்சம் இருக்கும். மேட்டூரை வழக்கப்படி ஜனவரி 28இல் மூடுவார்கள், அதற்குள் வந்தால் ஆற்றில் தண்ணீர் இருக்கும். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து அடிக்கும், பூம்புகாரிலிருந்து தெற்கே திரும்பியதும் அது முதுகில் தள்ளும். காணும் பொங்கலன்று மட்டும் எந்தக் கடற்கரையிலும் இருக்காதீர்கள், ஜனம் நெரியும்.

அறுவடை தொடங்கியிருக்கும். சாலையில் பாதியை அடைத்து நெல் காயும், சுற்றிக் கல் வைத்திருப்பார்கள். அதன் மேல் ஓட்டிவிடாதீர்கள், இறங்கித் தள்ளிக்கொண்டு போங்கள், அவர்களுக்கு அது வருடத்துச் சோறு. வைக்கோல் பின்சக்கரத்துக் கியரில் சுற்றிக்கொண்டால் மிதிக்காமல் உடனே நிறுத்தி கையால் பிரித்தெடுங்கள், மிதித்தால் கியரைத் தாங்கும் கொக்கியே வளைந்துவிடும். கருவேல முள் இன்னொரு தொல்லை. டியூபை மட்டும் ஒட்டி மாட்டினால் பத்தாவது நிமிடம் மறுபடி காற்று இறங்கும். டயரின் உட்பக்கம் ஒரு பழைய துணியை விட்டுச் சுற்றித் தடவுங்கள், துணி எங்கே மாட்டுகிறதோ அங்கே முள்ளின் முனை இருக்கும். விரலை விடாதீர்கள்.

நாகை ஆசிரியை:

மேலே அண்ணன் எழுதியதை எல்லாம் ஒப்புக்கொள்கிறேன், கடற்கரைப் பக்கத்தை மட்டும் நான் சொல்கிறேன். நான் நாகப்பட்டினத்தில் ஆசிரியை. தோழிகள் ஐந்து பேர் இரண்டு வருடம் முன்பு தரங்கம்பாடியிலிருந்து கோடியக்கரை வரை சைக்கிளில் போனோம்.

முதலில் குளியல். பூம்புகாரில் ஆறு கலக்கும் இடத்திலும், தரங்கம்பாடியில் கற்கள் கொட்டியிருக்கும் இடங்களிலும் மகளை இறங்க விடாதீர்கள். மேலே அமைதியாகத் தெரியும், காலடியில் மணலை வாரிக்கொண்டு போகும். 2004 டிசம்பர் 26 அன்று தமிழ்நாட்டில் அதிகம் பேரைப் பறிகொடுத்தது எங்கள் மாவட்டம்தான். என் வகுப்பிலும் இரண்டு இடங்கள் காலியாயின. கடலைப் பார்த்து நாங்கள் பயப்படுவதில்லை, ஆனால் மீனவர்களைக் கேட்காமல் கால் வைப்பதில்லை. அவர்கள் இங்கே நில்லுங்கள் என்று காட்டும் இடத்தில் முழங்கால் அளவு நனையட்டும், போதும்.

தரங்கம்பாடியில் ஓர் இரவு கண்டிப்பாகத் தங்குங்கள். டேனிஷ்காரர்கள் தஞ்சாவூர் ரகுநாத நாயக்கரிடம் இடம் வாங்கி 1620இல் கட்டத் தொடங்கிய கோட்டை, ஜெர்மானியப் பாதிரியார் சீகன்பால்கு 1706இல் வந்து இறங்கிய கரை, அவர் 1718இல் எழுப்பிய தேவாலயம் எல்லாம் பத்து நிமிட நடைக்குள். கடலோரம் மாசிலாமணி நாதர் கோயில் இருக்கிறது, 1306இல் பாண்டியர் காலத்தில் கட்டியது. முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது. மிச்சம் நிற்பதை விடியற்காலையில் போய்ப் பாருங்கள்.

நாகூரில் சாயங்காலம். தர்காவின் பெரிய மினாரா 131 அடி, தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிங் கட்டிக்கொடுத்தது. வெளியே இறால் வைத்துச் சுட்ட வாடா கிடைக்கும். சூடாகத் தின்னுங்கள், ஆறினால் ருசி போய்விடும்.

பெண்களுக்கு ஒரு விஷயம், கழிப்பறை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் பெட்ரோல் பங்குகளை நம்பலாம், கிளம்பும் முன்பே எந்த பங்க் எத்தனையாவது கிலோமீட்டரில் என்று வழிகாட்டியிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு அது தெரியவில்லை என்றால் அவர் பெண்களை அழைத்துப் போனதில்லை என்று அர்த்தம்.

கோடியக்கரையை விட்டுவிடாதீர்கள். வேளாங்கண்ணியிலிருந்து வேதாரண்யம் வரை ஏறக்குறைய 45 கிலோமீட்டரை வேனில் கடந்து, வேதாரண்யத்தில் சைக்கிளை இறக்குங்கள். அகஸ்தியம்பள்ளியில் சாலைக்கு இரண்டு பக்கமும் உப்பளம். 1930 ஏப்ரல் 30 அன்று உப்பு அள்ளியதன் நினைவுத்தூண் அங்கேதான் இருக்கிறது. அப்புறம் பத்துக் கிலோமீட்டர் தட்டையான சாலை, உப்புக் காற்று, ஒரு மரம்கூடக் குறுக்கே வராது. சரணாலயத்துக்குள் காலையில் வெளிமான்கள் கூட்டமாக மேயும், தண்ணீர் ஓரத்தில் பூநாரைகள் நிற்கும். 2018 கஜா புயலில் மரங்கள் மொத்தமாகச் சாய்ந்தபோது அழுதோம், இப்போது காடு துளிர்த்திருக்கிறது.

குத்தாலத்துப் பேரன்:

இவ்வளவு அக்கறையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. மனைவியும் மகளும் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டு தடவை படித்தார்கள். நிறுவனத்தில் பேசினேன். கல்லணையில் தொடங்கவும் ஏழு கோயிலைக் குறைக்கவும் ஒப்புக்கொண்டார்கள், ஒரு நாள் கூடும். காலை ஐந்தே முக்கால் என்றதும் கொஞ்சம் தயங்கினார்கள், பிறகு சரி என்றார்கள். இன்னும் இரண்டு கேள்வி. எங்கள் சொந்த சைக்கிளைக் கொண்டுவரலாமா? 25லிருந்து 40க்கு எப்படிப் பழகுவது?

அப்புறம், அம்மாவிடம் இதையெல்லாம் வாசித்துக் காட்டினேன். 73 வயது. குத்தாலம் என்ற இடத்தில் நிறுத்தி, “அந்த வேனில் எனக்கு ஒரு இடம் கேளேன்” என்றார்.

வாடகை சைக்கிள் கடை மகன்:

தம்பி, சொந்த சைக்கிளே நல்லது, உடம்புக்குப் பழகியிருக்கும். டயர் விரற்கடை அளவுக்கு மெல்லியதாக இருந்தால் மட்டும் வேண்டாம், கரைச் சாலையில் கப்பி பெயர்ந்து கிடக்கும், 38 மில்லிமீட்டராவது வேண்டும். மகள் வளர்கிற வயது, சீட் உயரத்தைக் கிளம்பும் வாரத்தில் திரும்பப் பாருங்கள். சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்தால் கீழே போகும்போது முழங்கால் நேராக நீள வேண்டும். சீட் தாழ்வாக இருந்தால் மூன்றாம் நாள் முட்டி வலிக்கும், குழந்தை சொல்லாமல் பொறுத்துக்கொள்ளும்.

பழகுவதற்குத் தூரத்தைவிட அடுத்தடுத்த நாள் ஓட்டுவதுதான் முக்கியம். சனிக்கிழமை 30, ஞாயிற்றுக்கிழமை மறுபடி 30. அப்படி நான்கு வாரம் போதும்.

அம்மாவைக் கட்டாயம் அழைத்து வாருங்கள். டிரைவருக்குப் பக்கத்து இருக்கையைக் கேட்டு வாங்குங்கள், பின்சீட்டில் குலுக்கும். கும்பகோணத்திலிருந்து வேன் உங்களுக்கு முன்னாலேயே கிளம்பட்டும், எட்டு மணிக்கு அவர் குத்தாலத்தில் படித்துறையில் இருக்கட்டும், நீங்கள் சைக்கிளில் வந்து சேருங்கள். படிகளில் பாசி இருக்கும், யாராவது கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மாற்றுப்புடவையும் ஒரு துண்டும் எடுத்துவரச் சொல்லுங்கள். அந்த வாரத்தில் ஆற்றில் தண்ணீர் இருக்கும், இறங்காமல் வர மாட்டார்.